குச்சியில் பெய்யாத மழை

நான் பயந்த சுபாவம். கேஸை அணைத்தேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி மாடி ஏறுகிறவள். இவளிடம் போய்ப் பந்தய டயர் செய்யும் வேலையை யார் கொடுத்தார்கள் என்று என் கணவர் கேலி செய்வார். சைகோனில் ‘பென் தான்’ என்ற சந்தைக்குப் பக்கத்தில் அவருக்கு மசாலாக் கடை. எனக்கு வேலை ஊருக்கு வெளியே, குச்சி என்கிற இடத்தில், மோட்டார் சைக்கிள் டயர் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில். சென்னையில் படித்த ரப்பர் படிப்பு எனக்கு இங்கே சோறு போட்டது.

பந்தய டயரின் தலைவலியைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடப் பிள்ளையின் பென்சில் டப்பாவில் இருக்கும் ரப்பர் போதும். மெத்தென்று இருந்தால் நன்றாக அழிக்கும், சீக்கிரம் தீர்ந்துபோகும். கெட்டியாக இருந்தால் வருஷக்கணக்கில் வரும், ஆனால் தாளில் வழுக்கும். டயரும் அப்படித்தான். பிடிமானத்தைக் கூட்டினால் ஆயுசு குறையும். ஆயுசைக் கூட்டினால் வளைவில் வண்டி சறுக்கும். கரி, கந்தகம், எண்ணெய், சிலிக்கா என்று எதை எவ்வளவு போடுவது என்பதிலேயே என் பொழுது போய்விடும். ஒன்றை விட்டுக்கொடுக்காமல் இன்னொன்று கிடைக்காது. விட்டுக்கொடுப்பது நான், விழப்போவது இன்னொருத்தி.

அந்த இன்னொருத்தி எங்கள் டயர்களை ஓட்டிப் பார்க்கிறவள், பந்தயங்களிலும் ஓட்டுவாள். குச்சியிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட இளையவள். என்னை ‘சி’ என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அக்கா. முதல் நாள் அதை நம் ஊர் ‘சீ’ என்று நினைத்து அவளை முறைத்தே விட்டேன். பாதி ஆங்கிலம், பாதி வியட்நாமியம் என்று ஒப்பேற்றிப் பேசியே சிநேகிதிகளாகிவிட்டோம். பந்தயத்தில் அவள் எப்போதும் இரண்டாவது அல்லது மூன்றாவது. ஒரு தடவையாவது முதலில் வர வேண்டும் என்ற வெறி அவளுக்கு. கை கால் முழுசாக வந்தால் போதும் என்பது எனக்கு.

அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே நடந்தது. காய்கறி வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் தார்ப்பாதை. ஒரு வளைவை ஒட்டி வரிசையாகக் கரும்புச்சாறுக் கடைகள். காலையிலிருந்தே வானம் கறுத்திருந்தது. வெயிலுக்குக் கெட்டி டயர், மழைக்கு மெத்தென்ற டயர் என்று இரண்டு ஜோடி வைத்திருந்தோம். மழை டயர் ஈரத்தில் பல்லி மாதிரி ஒட்டும். காய்ந்த தாரிலும் முதலில் நன்றாகத்தான் பிடிக்கும், பிறகு சூடேறித் துண்டு துண்டாகப் பிய்ந்துபோகும்.

சைகோனில் மழை ஒரு தெருவில் பெய்யும், அடுத்த தெருவில் பெய்யாது. போகிற இடத்துக்குப் போன் போட்டு, அங்கே பெய்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். நானும் கணவருக்குப் போட்டேன்.

“இங்க பொத்துக்கிட்டு ஊத்துது. மாரியம்மன் கோயில் வாசல்ல ஒரே வெள்ளம். காத்து உன் பக்கந்தான் அடிக்குது, பாத்துக்க” என்றார்.

அது போதுமாக இருந்தது எனக்கு. “மழை டயரையே போட்டுருவோம்” என்றேன் அவளிடம். அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி என்றாள்.

“நான் பாதை ஓரத்துல இந்தச் சைகைப் பலகையைத் தூக்கினா உடனே பந்தயத்தை விட்டு உள்ள வந்துரணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது.”

“வந்துர்றேன் சி” என்று சிரித்துக்கொண்டே தலைக்கவசத்தை மாட்டினாள்.

பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தது. அவள்தான் முதலில் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற முதலாளிக்கு வாயெல்லாம் பல். நானோ அவள் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டயர் எந்தச் சூட்டில் பிய்யும் என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கொடுமை!

பிறகுதான் அதைக் கவனித்தேன். கரும்புச்சாறுக் கடை வளைவில் மட்டும் அவள் வண்டி ஒவ்வொரு சுற்றிலும் வழக்கமான தடத்தை விட்டு வெளிப்பக்கம் ஒதுங்கியது. முதலில் கொஞ்சம், அடுத்த சுற்றில் இன்னும் அதிகம். பின்சக்கரம் பிடியை விட்டுவிட்டது என்று நினைத்தேன். இன்னொரு தடவை அப்படிப் போனால் கடைகளுக்குள் பாய்ந்துவிடுவாள். அவள் ரோட்டில் தேய்ந்துகொண்டு போவது போல் கண்ணுக்குள் ஓடியது. பலகையைத் தூக்கிவிட்டேன்.

“முடியப் போகுது! முடியப் போகுது!” என்று முதலாளி என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

அவள் பார்த்தாள். தலைக்கவசம் என் பக்கம் திரும்பியது. வேகத்தைக் குறைத்து, சொன்ன சொல் மாறாமல் உள்ளே வந்தாள். பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின.

ஓடிப்போய்ப் பின்சக்கரத்தின் முன் மண்டிபோட்டேன். கை வைத்துப் பார்த்தேன். சூடுதான், ஆனால் நான் பயந்த சூடு இல்லை. எங்கும் பிய்யவில்லை. மிச்சச் சுற்றுகளைத் தாராளமாகத் தாங்கியிருக்கும். டயரின் வரிப்பள்ளங்களில் நனைந்த கரும்புச் சக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

“அந்த வளைவுல ஏன் ஒதுங்கின? சறுக்கலையா?”

“சறுக்கல. கடைக்காரங்க ஐஸ் தண்ணி அந்த ஓரமா ஓடுது. டயரைக் குளிர வைக்கத்தான் அதுல விட்டு எடுத்தேன்.”

கூட்டம் வேறு யாருக்கோ கை தட்டியது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“உனக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயந்துட்டேன். அந்த டயரை நான் நம்பல.”

அவள் குனிந்து சக்கையை விரலால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உங்க டயரை நீங்க என்னைக்குமே நம்பினதில்ல சி. அது எனக்குத் தெரியும்” என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “என்னையுமா?”