படகுக்காரன் வீடு திரும்பினானா?

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஒரு முனையைக் கலாதேவி பிடித்தால் எதிர்முனையைப் புனிதா பிடிப்பாள். கைதான் வேலையில் இருக்கிறது, வாய் சும்மாதானே இருக்கிறது என்று கலாதேவி ஒருநாள் ஒரு கதையை ஆரம்பித்து வைத்தாள். மந்திரவாதிகளும் பேசும் மலைகளும் நிறைந்த, எட்டுப் பாகம் ஓடும் ஆங்கிலக் கதை. ஏழு பாகம் சொல்லியாயிற்று.

அதில் ஒரு பக்கம்கூட அவள் படித்ததில்லை. படித்தவன் அவள் கணவன் தர்மா. லாரியை நிறுத்திவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டதும், தான் படித்தவரை தமிழில் சொல்லுவான். ராஜாக்கள் யாரும் அவள் மனதில் நிற்கவில்லை. பிடித்துப்போனது ஒரு படகுக்காரனை. ராணியை ஆற்றைக் கடத்திவிட்டு, வீடு திரும்ப வழி தெரியாமல் பாகம் பாகமாக அலைகிறவன். ஏழாம் பாகத்தோடு எழுத்தாளர் வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டார். அதற்குள் தர்மா மாரடைப்பில் போய்விட்டான்.

இப்போது எட்டாம் பாகம் வந்துவிட்டது. பிரசவ விடுப்பில் போவதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்று புனிதா நச்சரித்தாள். கலாதேவிக்கும் அதே தவிப்புதான். அந்த மனிதன் வீடு போனானா இல்லையா?

தஞ்சோங் மாலிமில் படிக்கும் மகள் தினேஸ்வரி, நேரே கடைசிப் பாகத்தில் குதித்தால் பெயரெல்லாம் குழம்பும் என்றாள். வாசகர்களே சேர்ந்து எழுதும் தளம், அத்தியாயச் சுருக்கங்கள், முன்கதை சொல்லும் வீடியோக்கள் என்று கைப்பேசிக்கு அனுப்பியும் வைத்தாள். விடுமுறையன்று மதியச் சோற்றுக்குப் பிறகு கலாதேவி உட்கார்ந்தாள். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தினால் தமிழ் வந்தது, பல்லை உடைக்கும் தமிழ். ராணியின் பக்கம் தள்ளத் தள்ள நீண்டுகொண்டே போனது. படகுக்காரனுக்குச் சில வரிதான். மூன்றாம் பாகத்தில், அம்பு பட்டு, ஆற்றிலேயே இறந்தான்.

ஆள் மாறிவிட்டது என்று நினைத்தாள். சுருக்கத்தைப் பார்த்தாள், வீடியோவைப் பார்த்தாள். எல்லாரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அவனைக் கொன்றிருந்தார்கள். அப்படியானால் அதற்கப்புறம் அலைந்தது யார்? கோபம் தலைக்கேறியது. சுவரில் படமாக இருந்த தர்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்தன வருசமா பொய்யா சொன்னீங்க?"

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. மூன்றாம் பாகம் சொன்ன சமயம் தினேஸ்வரி வயிற்றில் இருந்தாள். ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் வயிற்றுப்பிள்ளைக்காரியின் காதில் சாவுச் செய்தி விழ விடமாட்டார்கள். சிலிம் ரிவரில் பெரியப்பா இறந்ததையே அவளுக்குப் பிரசவம் முடிந்துதான் சொன்னார்கள். தர்மா படகுக்காரனையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறான். பிள்ளை பிறந்த பிறகு அவனைச் சாகடிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. கழுவிய தட்டைப் பிடித்துக்கொண்டு கலாதேவி அழுதாள்.

மறுநாள் விரிப்பின் எதிர்முனையில் புனிதா, வயிறு மேசையில் இடிக்காமல் சற்றுத் தள்ளி நின்றாள்.

"என்னக்கா, படகுக்காரன் என்ன ஆனான்?"

கலாதேவி விரிப்பை உதறி மூலைகளைச் சேர்த்தாள்.

"வீட்டுக்கு வந்துட்டான்லா. பொண்டாட்டி கோவத்துல கொஞ்ச நேரம் ஏசினா. அப்புறம் சோறு போட்டா."