மார்கழித் தேதிகளில் ஒரு சோதனை

ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளி. கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபம். பெண்ணின் அப்பா ஒருவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் உறுதி என்று எங்கள் நிறுவனம் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. மண்டப மேனேஜர் கணினித் திரையைக் காட்டினார்.

"சிஸ்டம்ல உங்க பேரே இல்ல சார். வேற பார்ட்டிக்கு ஏறியிருக்கு."

"அப்ப நான் பொய் சொல்றேனா? பத்திரிகை அடிச்சாச்சுய்யா!"

பொய் சொன்னது அவரல்ல, நாங்கள்.

தாம்பரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகம் மண்டப முன்பதிவு மென்பொருள் செய்கிறது. ஒரு கணினி பழுதானாலும் பதிவு தொலையக் கூடாது என்பதற்காக ஐந்து கணினிகள் கூடி முடிவெடுக்கும். முன்பு தலைமைக் கணினி ஒன்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தும், தாமதமாகும். புதிய வேக முறையில் தலைமையைக் கேட்க வேண்டாம். ஐந்தில் நான்கு ஒரே பதில் சொன்னால் உடனே உறுதி. இல்லையென்றால் பழைய வழி. எங்கள் குழுத்தலைவர் இன்னும் வேகம் வேண்டுமென்று அந்த நான்கை மூன்றாக்கினார்.

"அஞ்சுல மூணு மெஜாரிட்டிதானே சார்?" என்றார் என்னிடம்.

"மூணு ஒருத்தருக்கு, ரெண்டு இன்னொருத்தருக்குன்னு சொல்லி, அந்த மூணுல ஒண்ணு படுத்துட்டா? மிச்சம் ரெண்டுக்கு ரெண்டு. யாருக்கு வாக்கு கொடுத்தோம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"டெஸ்ட்ல ஒரு தடவைகூட அப்படி ஆகலியே. விடுங்க, பஞ்சாங்கம் சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். சோதனைக்கு எடுத்த தேதிகளைப் பார்த்தேன். அத்தனையும் மார்கழி. மார்கழியில் எவன் கல்யாணம் வைப்பான்? ஒரே நாளுக்கு இரண்டு பேர் மோதவே மோதாத மாதத்தை வைத்துக்கொண்டு, மோதல் இல்லை என்று கைதட்டியிருக்கிறார்கள். சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் பதிந்தன. மூன்று கணினிகள் இந்தப் பெண்ணின் அப்பாவுக்கு என்றன; அவருக்குச் செய்தி போய்விட்டது. அந்த மூன்றில் ஒன்று நின்றது. மிச்சம் இரண்டுக்கு இரண்டு. பழைய வழியில் தலைமைக் கணினி முடிவெடுத்தது; மண்டபம் மற்றவருக்குப் போனது.

குழுத்தலைவரை போனில் பிடித்தேன். "நெட்வொர்க் பிரச்சினை, அந்த மெசேஜ் செல்லாதுன்னு சொல்லிடுங்க" என்றார்.

போனை வைக்காமலே பெண்ணின் அப்பாவிடம் திரும்பினேன். "சார், உங்க மெசேஜ் நிஜம். தப்பு எங்களது. வேற மண்டபம் நாங்கதான் பார்த்துத் தரணும்."

"யார் செலவுல?" என்று போன் கத்தியது.

"நாலை மூணாக்கினவங்க செலவுல."

சிங்கப்பெருமாள் கோவிலில் மண்டபம் கிடைத்தது. பத்திரிகையை மறுபடி அடித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் மூன்று மறுபடி நான்கானது. மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் குழுத்தலைவர் எழுதியிருந்தார்: நெட்வொர்க் கோளாறு சரிசெய்யப்பட்டது.