அம்சவல்லியின் அனுபவச் சான்று

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாமல் எங்கள் பக்கத்தில் யாரும் படித்து முடித்ததில்லை. 1998 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தஞ்சாவூரிலிருந்து வந்த பேருந்து கேட்டில் நின்றுவிட்டது. சரக்கு வண்டி ஒன்று முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. நான் அப்போது பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. எங்கள் தெருவிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், பேருந்தில்கூடப் புத்தகத்தைப் பைக்குள் வைக்க மாட்டேன். அட்டை வெளியே தெரியும்படி மடியில் வைத்திருப்பேன். முன் இருக்கையில் இருந்த ஓர் அக்கா திரும்பி அதைப் பார்த்தார்.

"தம்பி கணக்குப் படிக்கிறீங்களா?"

"ஆமாங்க்கா."

"ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னா என்னன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. வாத்தியாருக்குப் புரியிற மாதிரி வேணாம்."

எனக்குத் தெரிந்தது நெல் மூட்டை. அதை வைத்தே சொன்னேன். "சராசரி அறுபது கிலோன்னு சொல்றாங்க. ஒருத்தர் மூட்டையெல்லாம் அம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொண்ணுன்னு இருக்கு. இன்னொருத்தருது நாப்பத்தஞ்சும் எழுபத்தஞ்சுமா கலந்து கெடக்கு. ரெண்டு பேருக்கும் சராசரி ஒண்ணுதான். ஆனா..."

"புரிஞ்சுபோச்சு. எவன் மூட்டையை நம்பலாம், எவன் மூட்டையை ஒண்ணொண்ணா எடை போடணும்னு காட்டுற கணக்கு. இதை ஏன் தம்பி புத்தகத்துல எழுத மாட்டேங்குறாங்க?"

அவர்தான் அம்சவல்லி. கீழமருதூர்க்காரர். வேலை பார்த்துக்கொண்டே தஞ்சாவூரில் சனி, ஞாயிறுகளில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். சித்திரையில் வரும் புள்ளியியல் தேர்வில் தேறாவிட்டால் அவருடைய இடம் போய்விடும் என்று கல்லூரி எழுத்திலேயே கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் அந்த கேட்டில் நின்றோம். நான் கணக்குச் சொன்னேன், அவர் கதை சொன்னார்.

கதை ஓர் அரிசி ஆலையில் தொடங்குகிறது. நீடாமங்கலத்தில் ரஹ்மத் பீவி நடத்திய ஆலையில் 1996இல் அம்சவல்லி எடைச் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தார். சீட்டு எழுதுவதோடு அவர் வேலை நிற்கவில்லை. எந்த லாரி முன்னால், எந்த லாரி பின்னால், ஈர நெல்லை எந்தக் களத்தில் கொட்டுவது, சுமை தூக்குபவர்களின் சண்டையை எப்படித் தீர்ப்பது, எல்லாம் அவர் தலையில்தான் வந்து விடிந்தது. ஒரு வருடம் பார்த்துவிட்டு ரஹ்மத் பீவி கூப்பிட்டார்.

"நீ பாக்குறது மேனேஜர் வேலை. ஆனா தை அறுவடைக்குள்ள எங்க மச்சினர் மகனை அந்த நாற்காலியில உக்கார வைங்கன்னு வீட்டுல வந்து நிப்பாங்க. அவன் பி.காம். அவங்க வாயை அடைக்க எனக்கு ஒரு காகிதம் வேணும்மா."

அந்த வாரமே செய்தித்தாளில் எம்.பி.ஏ. விளம்பரம் வந்தது. ஆடி மாதம் நுழைவுத் தேர்வு எழுதினார். ஆவணியில் மதிப்பெண் வந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று.

ஏன் முப்பத்தொன்று என்பதை அவர் என்னிடம் சொன்னபோது பேருந்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். ஒரு கேள்வி. எட்டுப் பெண்கள் ஓர் ஏக்கரை ஒரு நாளில் நடுகிறார்கள். இரண்டு பெண்கள் நட்டால் எத்தனை நாள்? படிக்காதவர்கூட நாலு என்று சொல்லிவிடுவார். அம்சவல்லி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏக்கருக்கு இரண்டு பேரை விட்டு நாலு நாள் நட்டால், பறித்த நாற்று என்ன ஆகும்? மூன்றாம் நாளே கட்டி வைத்த முடியிலேயே வெந்து மஞ்சளாகிவிடும். தினமும் கொஞ்சமாகப் பறிப்பதென்றால் பறிக்கும் ஆளுக்குத் தனிக் கணக்கு. அதைக் கேள்வியில் சொல்லவில்லையே. பத்து நிமிடம் யோசித்து, 'இவற்றில் எதுவும் இல்லை' என்பதைக் குறித்தார். அதே போல் இன்னும் மூன்று கேள்விகள். கடைசி இரண்டு பக்கங்களைத் தொடவே நேரமில்லை.

ஆனாலும் வழி அடைபடவில்லை. வேலை பார்ப்பவர்களுக்கான படிப்பு என்பதால் அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டுகள் பிறரை மேற்பார்த்து வேலை வாங்கியதற்கு எழுத்துச் சான்று வேண்டும். அது இருந்தால் மதிப்பெண் குறைந்தவர்களையும் பரிசீலிப்பார்கள். ஆலையில் அவருக்கு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதுவும் பதிவேட்டில் எழுத்தர்.

உண்மையில் அவருக்கு ஏழு வருட அனுபவம் இருந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு, நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகும் பொறுப்பைத் தாயார் தங்கம்மாளிடமிருந்து ஏற்றுக்கொண்டவர் அவர். நாற்பத்திரண்டு பெண்கள். யாரை எந்த வயலில் இறக்குவது, பிள்ளை பெற்றவளை எந்த வரப்போரம் விடுவது, யாரோடு யாரைச் சேர்க்கக் கூடாது, கூலி பேசுவது, எல்லாம் அவர். ஆனால் நாற்றுக்கும் சேற்றுக்கும் முத்திரைத் தாள் ஏது?

ஏழு வருடமும் அவர்கள் அதிகம் நட்டது தியாகேசன் என்பவரின் வயல்களில். சான்று தரக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போவதுதான் முடியாத காரியம்.

1989 ஐப்பசியில், சம்பா நடவு நேரத்தில், கூலி உயர்வு கேட்டு அம்சவல்லி ஆட்களை நிறுத்தினார். ஆட்சி மாறிய புதிது. கேட்டால் கிடைக்கும் என்ற தைரியம் தெருவுக்கே வந்திருந்தது. ஆறு நாள் ஒருத்தியும் வயலில் இறங்கவில்லை. தியாகேசன் வெளியூரிலிருந்து டிராக்டரில் ஆள் கொண்டுவந்தார். அம்சவல்லி பாலத்தருகே நின்று பேசி அவர்களையும் திருப்பி அனுப்பினார். அன்று தியாகேசன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். தாயையும் மகளையும் ஒரு பகல் முழுவதும் அங்கே உட்கார வைத்தார்கள். ஏழாம் நாள் தாசில்தார் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்து எல்லாம் முடிந்தது. புகார் மேலே போகவில்லை. ஆனால் அதிலிருந்த ஒரு வரி ஊரெல்லாம் போயிற்று: 'அரிவாளைக் காட்டி மிரட்டினார்.' அன்றிலிருந்து அவர் பெயர் அரிவாள் அம்சவல்லி. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அந்தப் பெயரைக் கேட்டுக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயின.

"அந்த ஆள் வாசல்லயா போயி நிக்கப் போற?" என்றார் தங்கம்மாள். "ஒரு பகல் பூரா நம்மளக் குந்த வச்சவன்டீ."

"வேற யாரு வாசல் இருக்கு, சொல்லு. அங்க போறேன்."

தங்கம்மாள் உள்ளே போனார். சலவைச் சேலையை எடுத்துக் கொடுத்தார்.

தியாகேசன் வாசலில் உட்கார்ந்து வானொலியில் மேட்டூர் நீர்மட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடமும் தண்ணீர் வராமல் குறுவைச் சாகுபடி போயிருந்தது. அவர் மனைவி மங்களாம்பிகைதான் முதலில் பார்த்தார்.

"வாடி அம்சவல்லி. அன்னிக்கு ஆறு நாளு இவருக்குச் சோறு எறங்கல. திட்டு வாங்கினதெல்லாம் நானு." சொல்லிக்கொண்டே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். அந்த வாசலில் அம்சவல்லி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

விஷயத்தைச் சொன்னார். தியாகேசன் வானொலியைக் குறைத்தார்.

"இன்னிக்கு நான் எழுதிக் குடுத்தா அதுக்கு என்ன மதிப்பு? யாரு வேணா யாருக்கு வேணா எழுதுவாங்க. உனக்குத்தான் எட்டு வருசத்துக்கு முன்னாடியே நான் ஒரு சர்ட்டிபிகேட் எழுதினேனே."

"எதுங்கய்யா?"

"போலீஸ் ஸ்டேஷன்ல."

கேலி என்றுதான் அம்சவல்லி நினைத்தார். தியாகேசன் உள்ளே போய், பட்டாவும் நிலவரி ரசீதுகளும் வைத்திருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து, காவல் நிலைய முத்திரையோடு இருந்த புகாரின் நகலை எடுத்து வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"'மேற்படி அம்சவல்லி என்பவள் கடந்த மூன்று வருட காலமாக நாற்பத்திரண்டு பெண்களைத் தன் பொறுப்பில் வைத்து வேலை வாங்கி வருகிறாள். அவர்கள் அவள் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லுக்கும் கட்டுப்படுவதில்லை.' இதுக்கு மேல என்ன வேணும்? தேதி இருக்கு, முத்திரை இருக்கு. உனக்காக எழுதினதுன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. கோவத்துல எழுதினேன், ஆனா ஒரு வார்த்தை பொய் கெடையாது."

அம்சவல்லி காகிதத்தை வாங்கிக் கடைசிவரை படித்தார்.

"அரிவாள்னு ஒரு வரி இருக்குங்கய்யா."

தியாகேசன் வானொலியைப் பார்த்தார். "புகாரை எழுதிக் குடுத்த மனு எழுதுறவன் சொன்னான். ஆயுதம் இல்லாட்டி கேஸ் நிக்காதுன்னு."

"நடவுக்கு எறங்குற பொம்பள கையில அரிவாள் ஏதுங்கய்யா? அறுப்புக்குல்ல அரிவாள். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

மங்களாம்பிகை முற்றத்தில் உலர்ந்த மிளகாயை அள்ளுவதை நிறுத்திவிட்டார். "கேக்குறால்ல. சொல்லுங்க."

தியாகேசன் கையை நீட்டி வானொலியை அணைத்தார். பிறகு, "பேனா வச்சிருக்கியா?" என்றார்.

அவர் எழுதியது அரைப் பக்கம். '1989ஆம் ஆண்டு நான் கொடுத்த புகாரில், திருமிகு அம்சவல்லி அரிவாளைக் காட்டி மிரட்டியதாக உள்ள வரி பொய். அது என் பொய். மற்றவை அனைத்தும் உண்மை. அவர் 1986 முதல் 1993 வரை என் நிலத்தில் நாற்பத்திரண்டு பேரை வைத்து வேலை வாங்கினார். அவர் நின்ற பிறகு என் நடவு ஒரு வருடமும் குறித்த நாளில் முடியவில்லை.' கீழே கையெழுத்து, தேதி. பேச்சில் கடைசிவரை 'நீ'தான். காகிதத்தில் 'அவர்' என்று இருந்தது. அம்சவல்லி அதைப் பேருந்தில் வைத்து ஏழெட்டுத் தடவை படித்ததாகச் சொன்னார்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியர், "முப்பத்தொண்ணும்மா. வந்தவங்கள்ல கடைசியிலேருந்து மூணாவது. என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அம்சவல்லி வெந்துபோகும் நாற்றைப் பற்றிச் சொன்னார். ஓரத்தில் இருந்த பேராசிரியை, "ஆனா கேள்வி அது இல்லையே?" என்றார்.

"இல்லைதாங்க மேடம். வெளியில வந்த பிறகுதான் தெரிஞ்சுது."

புகார் நகலை நீட்டினார். அவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிப் படித்தார்கள்.

"இது உங்க மேல குடுத்த புகாருங்க."

"ஆமாங்க சார். எனக்குக் கீழ ஆள் வேலை செஞ்சாங்கன்னு சொல்ற பழைய காகிதம் இது ஒண்ணுதான் இருக்கு."

"அரிவாள்?"

அரைப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். நடுவில் இருந்தவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "கேட்ட கூலி கிடைச்சுதா?"

"முழுசாக் கிடைக்கலைங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல. கைப்பிள்ளைக்காரங்க மத்தியானம் ஒரு நடை வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னு கேட்டு வாங்கினோம். நாத்து முத்திக்கிட்டு இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் நின்னிருந்தா அவருக்கும் விளைச்சல் இல்ல, எங்களுக்கும் அறுப்பு வேலை இல்ல."

பேராசிரியை ஏதோ குறித்துக்கொண்டார். யாரும் பாராட்டவில்லை, கை குலுக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது: அனுமதி உண்டு; முதல் ஆண்டு புள்ளியியலில் ஐம்பது எடுக்க வேண்டும்; தவறினால் அனுமதி ரத்து. ரஹ்மத் பீவி கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ரத்து ஆனா நாற்காலியும் ரத்து, சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலாளர் அறைச் சாவியைக் கொடுத்தார்.

அந்த ஐம்பதுக்காகத்தான் அவர் பேருந்தில் என்னைப் பிடித்தார். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு, மறைப்பானேன். தேர்வில் அதே மாதிரி ஒரு கேள்வி வந்ததாம், இத்தனை ஆட்கள் இத்தனை நாள் என்று. "நாத்தை மறந்துட்டுக் கணக்கை மட்டும் போட்டேன் தம்பி. மனசுக்கு ஒப்பல, ஆனா போட்டேன்" என்றார். ஐம்பத்திரண்டு வந்தது.

முடிவு வந்த அன்று ஆலையின் முதல் தரப் பொன்னி ஒரு பை எடுத்துக்கொண்டு தியாகேசன் வீட்டுக்குப் போனார். மங்களாம்பிகை வாங்கிக்கொண்டார். தியாகேசன், "எவ்வளவு எடுத்த?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும், "என் புகாருக்கு இன்னும் கொஞ்சம் கூடவே போட்டிருக்கலாம்" என்றார். நன்றி சொல்ல வாய் வரவில்லை என்று அம்சவல்லி என்னிடம் சொன்னார். ஒரு பகல் முழுதும் காவல் நிலையத்தில் உட்கார்ந்த தன் அம்மாவின் முகம் நடுவில் வந்து நின்றதாம். வீட்டுக்கு வந்த பிறகு, அரைப் பக்கக் காகிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினார். தங்கம்மாள் 'என் பொய்' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்போதுதான் தியாகேசன் மேல் தனக்கு நன்றி என்று ஒன்று முழுதாக வந்தது என்கிறார் அம்சவல்லி.

இப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. எம்.பி.ஏ. முடித்து நாலு வருடமாகிறது. நீடாமங்கலம் ஆலையில் அவர்தான் மேலாளர். கீழே ஐம்பத்தெட்டுப் பேர். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் முருகையனைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அரிவாள் என்று தெருவில் ஒன்றிரண்டு பேர் இன்னும் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். தியாகேசனின் நெல் அந்த ஆலைக்குத்தான் வருகிறது. அவருடைய டிராக்டர் மற்றவர்களுடையதைப் போல வரிசையில் நின்றுதான் எடைக்குப் போகிறது.