கூண்டில் சொன்னதும் கடையில் சொன்னதும்

சவரக்கத்தியைக் கையில் எடுத்தால் சலூன்காரருக்கு வாய் ஓயாது. சாட்சிக் கூண்டில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "குடோனை வெளியில பூட்டுனது முதலாளிதான். என் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கடைக்கு எதிரே இருந்த குடோன் அது. தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட சுமைகூலி ஒருவர் செத்துப்போயிருந்தார்.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தவர்களெல்லாம் கேட்டார்கள். அவரும் நுரை தடவிக்கொண்டே, கூண்டில் எழாத குரலையும் சேர்த்து அதையே உரக்கச் சொன்னார். யாரோ செல்போனில் பதிவு செய்திருக்கிறார்கள். முதலாளி மானநஷ்ட வழக்குப் போட்டுவிட்டார்.

"சாட்சி சொன்னா கேஸ் போட முடியாதுன்னீங்களே சார்?"

"கோர்ட்டுல சொன்னதுக்கு யாரும் உங்க மேல கை வைக்க முடியாது" என்றார் வக்கீல். "இது கடையில சொன்னது."

"ரெண்டும் ஒரே பேச்சுதானே?"

"ஒரே பேச்சுதான். கூண்டை விட்டு இறங்கினா அந்தப் பாதுகாப்பு உங்ககூட வராது. உண்மைன்னு இந்தக் கேஸ்ல தனியா நிரூபிக்கணும். வருஷக்கணக்கா இழுக்கும். உங்களை யாருங்க கடையில கச்சேரி வைக்கச் சொன்னது?"

"வாயை மூடிக்கிட்டு முடி வெட்டினா எவன் சார் வருவான்?"

வக்கீல் சிரித்தார். சலூன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பேச்சைக் காதால் கேட்டவர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கே சம்மன் போய்க்கொண்டிருந்தது. பயந்துபோய் எல்லோரும் அடுத்த தெருவுக்குத் தாடியோடு நடந்தார்கள்.

முதலாளி ஆள் அனுப்பினார். 'நான் சொன்னது பொய்' என்று எழுதிக் கொடுத்தால் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வாராம்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றாள் மனைவி. "கடை போச்சுன்னா நடுத்தெருதான்."

"அந்தக் காகிதத்தை நேரா தீப்பிடிச்ச கேஸ் ஜட்ஜ்கிட்டதான்டி நீட்டுவான். செத்தவன் பொண்டாட்டிக்கு இருக்கிறது என் சாட்சி ஒண்ணுதான்."

"அவ வந்து நமக்கு உலை வைப்பாளா?"

 அவர் கையெழுத்துப் போடவில்லை.

வழக்கு வாய்தா மேல் வாய்தா போனது. வாய்தா நாளெல்லாம் கடையைப் பூட்ட வேண்டியிருந்தது. திறந்த நாளிலும் ஈ ஓட்டினார். கடைசியில் மனைவிதான் நாற்காலியை வாங்க ஆள் பார்த்தாள். வந்தவன் அதில் உட்கார்ந்து பார்த்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், சாய்த்துப் பார்த்தான்.

"எதுக்குண்ணே விக்கிறீங்க?"

சலூன்காரர் வாயைத் திறந்தார். வாசலில் நின்ற மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டார்.