எதிர் நிரை

ஃப்ரெண்டு என்ற சொல்லை இப்போது எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சொல்கிறார்கள். முதலமடையில் என் மகள் வீட்டுப் பக்கம் மாங்காய் ஏற்ற வரும் லாரி டிரைவர், நேற்றுப் பழகிய ஆளையும் ஃப்ரெண்டு என்கிறார். என் மருமகனுக்கு போனுக்குள்ளேயே ஊர்ப்பட்ட ஃப்ரெண்டு. நேரில் கண்டால் அடையாளம் தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் அந்தச் சொல் மேனேஜர் பங்களாவைத் தாண்டி வந்ததில்லை. எங்களுக்கு வேறு சொற்கள் இருந்தன. யூனியன் கொடி பிடித்துப் போகிற அன்றைக்கு எல்லாரும் தோழர். மலையாளத்துக்காரர் சகாவு என்பார். கொடியை மடக்கி வைத்தால் அதுவும் மடங்கிவிடும். சிநேகிதி என்பதை ரேடியோவில் கேட்டிருக்கிறேன். கூடவே கிடந்து கூடவே திரிகிறவளுக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரே பேர், கூட்டாளி. எனக்கு அப்படி ஒருத்திதான் இருந்தாள். ஒருத்தி போதும் என்றுதான் இருந்தேன்.

மலையில் கொழுந்து எடுக்க ஆளுக்கு ஒரு செடி வரிசை கொடுப்பார்கள். அதை நிரை என்போம். தன் நிரையை முதலில் முடித்தவள், கூட்டாளியின் நிரையில் மறுமுனைக்குப் போய் அங்கிருந்து கிள்ளிக்கொண்டு எதிரே வருவாள். கிள்ளியதைக் கூட்டாளியின் சாக்கிலேயே கொட்டுவாள். இதை எல்லாருக்கும் செய்வதில்லை. கூட்டாளிக்கு மட்டும். கூப்பிடவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். நடுவில் கையும் கையும் இடிக்கும்போது நிரைக்குரியவள் “வந்துட்டியாட்டி” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. என் வயிற்றில் மகள் இருந்த மழைக்காலம் முழுக்க எனக்கு எதிர் வந்தவள் அவள். அவளுக்கு முட்டி வீங்கிய வருஷம் நான் வந்தேன்.

வேலைக்காலம் முடிந்தால் லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும். நான் மகளோடு முதலமடைக்கு இறங்கினேன். கூட்டாளியின் மகன் மலைமேலேயே சூரியநெல்லியில் வீடு கட்டினான். மாடியையும் கீழே ஓர் அறையையும் டூரிஸ்டுகளுக்கு விடுகிறான். ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

“ஏட்டி, அந்த வெயில்ல கெடந்து ஏன் வேவுத? இங்க ஒனக்குன்னு ஒரு ரூமு இருக்கு. கடைசி மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா கெடப்போம். வா.”

மகளுக்கு மனசில்லை. “அது அடுத்தவங்க வீடும்மா,” என்றாள்.

“அடுத்தவ வீடில்ல. என் கூட்டாளி வீடு,” என்று சொல்லிவிட்டுத்தான் துணிகளை மடித்தேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மலை ஏறினேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் உட்கார்ந்து பழைய கங்காணிமாரைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். அவள் மருமகள் “சின்னத்தை, காப்பி குடிங்க” என்று கையில் கொண்டு வந்து கொடுப்பாள்.

ஒரு காலையில் கூட்டாளி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்ததைப் பார்த்து, நான் இன்னொரு துடைப்பத்தை எடுத்து, வாசல் கேட் பக்கமிருந்து பெருக்கி வந்தேன். நடுவில் “வந்துட்டியாட்டி” என்றாள். எனக்குப் பழைய மலையில் நிற்கிறாற்போல் இருந்தது. மறுநாள் பாத்திரத்துக்கும் அப்படியே போனேன். வேலை என்றே தோன்றவில்லை. எதிர் வருவதுதானே.

ஆனால் அவள் முனையிலிருந்து வருகிற நிரை நாளுக்கு நாள் குறைந்தது. பிறகு அவள் வரவே இல்லை. பாத்திரம் கழுவ வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டார்கள். மருமகள் ‘சின்னத்தை’ என்பதை விட்டுவிட்டு, மாடிப்படியில் நின்றே “பெட்ஷீட்டு மாத்தணும்” என்றாள். என் அறையைக் கெஸ்டுக்கு விட்டார்கள். கட்டில் கேஸ் சிலிண்டர் பக்கத்துக்குப் போனது. “சீசன் முடியட்டும்ளா,” என்றாள் கூட்டாளி. அதையும் நம்பினேன்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. நான் டீ கொண்டுபோய் வைத்தபோது அந்த வீட்டுப் பெண் கூட்டாளியிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“ஆண்ட்டி, இவங்க உங்க சிஸ்டரா?”

“இல்லம்மா. ஹெல்ப்புக்கு நிக்கிறாங்க.”

‘நிக்கிறாங்க’ என்றாள். வாழ்நாளில் அவள் எனக்குக் கொடுத்த முதல் மரியாதை அது.

தட்டைக் கீழே போடவில்லை. ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனேன். கூட்டாளி பின்னாலேயே வந்தாள்.

“யாருளா ஹெல்ப்புக்கு நிக்கா?” என்றேன்.

“அவங்ககிட்ட என்னத்தச் சொல்லச் சொல்லுத? மவன் தொழிலு நடத்துதான். கூட்டாளின்னா அவங்களுக்கு வெளங்குமா?”

“ஃப்ரெண்டுன்னு சொல்லியிருக்கலாம்லா. அது எல்லாருக்கும் வெளங்குமே.”

அவள் அடுப்பில் இருந்த பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. திரும்பாமலே சொன்னாள்:

“நீயாத்தானட்டி தொடப்பத்த எடுத்த. நானா கையில குடுத்தேன்?”

ஹெல்ப் என்றதைக்கூட ஊரார் முன் தடுமாறிச் சொன்னது என்று தள்ளியிருப்பேன். இது எங்கள் இருவருக்குள் சொன்னது. எதிர் வருகிறவளைக் கூப்பிடுவதில்லை என்று அவளுக்குத் தெரியாதா? மழையில் கையும் கையும் இடித்ததெல்லாம் யாருடைய கை?

மறுநாள் காலை வழக்கம்போல் வாசல் கேட் பக்கமிருந்து பெருக்கி வந்தேன். பாதி முற்றம் வந்ததும் துடைப்பத்தைக் குறுக்கே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். அவள் வாசல்படியில் நின்றாள்.

“மீதி ஒன் நிரை,” என்றேன்.

அவள் துடைப்பத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். படி இறங்கவில்லை. ஜீப் வரும்வரை ரோட்டில் நின்றேன். பெருக்குகிற சத்தம் கேட்கவில்லை.

முதலமடையில் மகள் சோறு போட்டாள். அவளிடம் அப்படி வீம்பாகப் பேசிவிட்டுப் போன நான் அதைச் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டம்மா வேலி ஓரம் வந்து நின்றாள்.

“ஏனுங்கம்மா, மலைக்குப் போயிருந்தீங்களாட்ட இருக்குது. சொந்தக்காரங்க ஊடுங்களா?”

“இல்ல,” என்றேன். “தெரிஞ்சவங்க வீடு.”