யங் வீதியில் குடைக்குள் ஒரு முழக்கம்

சனிக்கிழமை காலை பத்தரை. மல்வேர்னில் பஸ் ஏறினோம். நான், என் வகுப்புத் தோழி ஷிரின், பக்கத்து வீட்டுக் குணம் அங்கிள். அங்கிளின் மடியில் அலுமினியத் தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ். கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம்; பஸ் முழுக்கப் பரவிய வாசம் இலவசம். போவது நகரின் நடுவே ஓடும் யங் வீதிக்கு, ஈரானின் மதகுருமார் ஆட்சிக்கு எதிரான ஊர்வலத்துக்கு.

"அங்கிள், உது ஊர்வலம். கலியாண வீடு இல்லை."

"உனக்கென்ன தெரியும்? நாங்கள் கொடி பிடிச்சு நிக்காத ரோட் இந்தச் சிட்டியிலை இல்லை. ரோல்ஸ் இல்லாட்டி ரெண்டு மணிக்குச் சனம் கழண்டிடும்."

ஷிரின் கறுப்பு மாஸ்க்கும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தாள். அவள் அம்மா தெஹ்ரானில் தனியே இருக்கிறார். இவள் முகம் ஒரு வீடியோவில் வந்தால் போதும், அங்கே அம்மாவின் கதவைத் தட்டுவார்கள். "அங்கே தலையை மூடச் சொன்னார்கள். இங்கே நானே முகத்தையும் சேர்த்து மூடிவிட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

பன்னிரண்டு மணி. யங் வீதியில் ஈரப்பனி கொட்டியது; எங்கே பார்த்தாலும் கொடி, குடை, படமெடுக்கும் போன். அங்கிள் தட்டைத் திறந்ததும் முழக்கம் கொஞ்சம் தொய்ந்தது. எல்லோரும் எடுத்தார்கள், ஷிரின் மட்டும் வேண்டாமென்றாள். நம்மாட்களிடம் அது பலிக்குமா? முதல் மறுப்பு மரியாதை, இரண்டாவது வெட்கம், மூன்றாவதுக்கு வாயில் திணித்துவிடுவார்கள். அங்கிளின் ரோல்ஸ் மாஸ்க்கைத் தொட்டுவிட்டது.

"அங்கிள், விடுங்கோ! மாஸ்க்கைக் கழட்டினா முகம் கமெராவிலை வந்திடும். அவளின்ரை அம்மா அங்கை!"

அங்கிளின் கை அப்படியே நின்றது. "உதை முதல்லயே சொல்லுறதுக்கென்ன, விசரி?" என்று என்னை ஏசிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து "அம்ப்ரெல்லா! அம்ப்ரெல்லா!" என்று கத்தினார்.

ரோல்ஸ் தின்ற வாய்களெல்லாம் குடையோடு ஓடி வந்தன. சுற்றிவரச் சரித்துப் பிடித்தார்கள். உள்ளே ஷிரின், நான், தட்டு.

மாஸ்க்கைக் கழற்றினாள். ஒரு கடி. உறைப்பில் மூக்குச் சிவந்தது. பாதி ரோல்ஸ் வாயில் இருக்கும்போதே, "ஸன்! ஸெந்தெகீ! ஆஸாதீ!" என்று கத்தினாள். பெண், வாழ்வு, விடுதலை. வீதி முழுக்கத் திருப்பிக் கத்தியது. யார் தொடங்கினார்கள் என்று ஒரு கமெராவுக்கும் தெரியாது.

நாலரைக்குத் திரும்பும் பஸ். அங்கிள் வெறுந்தட்டைக் கட்டிப்பிடித்துக் குறட்டை விட்டார். ஷிரினின் போனில் அம்மாவின் மெசேஜ் வந்து விழுந்தது. குடை வீடியோ அதற்குள் தெஹ்ரான்வரை போயிருந்தது. அங்கே மெசேஜ்களை வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் அம்மா அளந்துதான் எழுதுவார். ஷிரின் எனக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினாள்:

"குடைக்குள் கத்திய பெண் யாரென்று எனக்குத் தெரியாது. வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு கத்தாதே என்று அவளிடம் சொல்லு."