சாலையில் நெரிசல்

பதினோரு வருஷமாக எனக்கு ஒரு மனக்குறை. இந்த ஊர்ப் போலீஸ் என்னை ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. பக்கத்தில் நடந்து வரும் அண்ணனைத்தான் நிறுத்துகிறார்கள். ஒரே நீலச் சட்டை, ஒரே கம்பெனி, ஒரே தெரு. அவர்கள் வண்டி முனை திரும்பும்போதே அண்ணன் கருவிப் பையைத் தரையில் வைத்துவிடுவார். இரண்டு உள்ளங்கையையும் விரித்தபடி நிற்பார், தூறல் விழுகிறதா என்று பார்க்கிற மாதிரி. நான் நாலடி தள்ளி சிகரெட் பற்றவைப்பேன். ஒரு நாள் போலீஸ்காரன் ஒருவன் என்னிடம் வந்து, "இவன் உங்களுக்கு ஏதாவது தொந்தரவு குடுக்கறானா சார்?" என்று கேட்டான். எனக்கு சார்!

இத்தனைக்கும் இளவட்டத்தில் சைக்கிள் திருடி மூன்று நாள் உள்ளே இருந்தவன் நான். அண்ணன் அடுத்தவர் வீட்டு ஆணியைக்கூடத் தொட்டவரில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் அவருக்கு ஜோடி; அண்ணன் என்பது வாய் முறைதான், கூடப் பிறந்தவரில்லை. மேலே மோட்டார் அறையில் ஒருத்தர், கதவருகே ஒருத்தர் என்று இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அவருடைய ஆட்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள். மை மாதிரி நிறம், சுருள் சுருளாக முடி. எங்கே நின்றாலும் கண்ணில் படுவார்கள். நான் வெளுத்த தோல். எங்கே நின்றாலும் யாருக்கும் தெரியாது.

ஒரு தடவை பையை நான் வாங்கிக்கொண்டேன். "வெறுங்கையோட இங்க என்னடா பண்ற?" என்று அவரை நிறுத்தினார்கள். இன்னொரு தடவை, முதுகு நிறையக் கம்பெனி பெயர் எழுதிய கோட்டு ஒன்றை அவருக்கு மாட்டிவிட்டேன். "கோட்டு யாருது?" என்றார்கள். அண்ணன் சிரித்தார். "அடுத்த வாட்டி லிஃப்டையே தோள்ல தூக்கிட்டு வரேன்டா கடுவா. அப்பவும் எந்தக் கட்டடத்துல கழட்டினன்னுதான் கேப்பான்." கடுவா நான்தான். புலி மாதிரி உர்ரென்றிருக்கும் என் மூஞ்சிக்கு அவர் வைத்த பெயர்.

சோதனை நடக்கும்போது அண்ணன் அங்கே இருக்கமாட்டார். உடம்பு மட்டும் சுவரோரம் நிற்கும். கண், எதிர்க் கட்டடத்தின் மாடிகளில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கும். ஒருவன் பைக்குள் கைவிட்டுக் கிளறுவான். இவர் கனவில் பேசுகிற மாதிரி, "ஏழாவது மாடில லிஃப்ட் ஒண்ணு நின்னு நின்னு கெளம்புதுடா. கயிறு காஞ்சு கெடக்கு, எண்ணெய் கேக்குது" என்பார். எனக்குத் தெருவில் ஹாரன் சத்தம்தான் கேட்கும்.

லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவருக்கு நேரம் போவது தெரியாது. அண்ணாந்து நிற்பார். மேலிருந்து மெதுவாக ஒரு காற்று இறங்கும். சோப்பு, வதங்கும் வெங்காயம், யாரோ பூசிய பவுடர் என்று எல்லா மாடியும் அதில் கலந்து வரும். மாடிக்கு ஒரு கீற்றாக வெளிச்சம் இருட்டில் அடுக்கியிருக்கும். "பாருடா, ஒவ்வொரு வீடும் ஒரு கோடு போட்டு நம்மளக் கூப்புடுது" என்பார். "மேல வாங்கண்ணே, நசுங்கிச் சாகப் போறீங்க" என்று நான் கத்துவேன்.

உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், ஸ்பேனரை எடுக்குமுன் கதவில் கன்னத்தை வைத்துப் பேசுவார். "அம்மா, கண்ண மூடிக்குங்க. நீங்க படகுல இருக்கீங்க. கரை இதோ, கை எட்டற தூரம்." அழுதுகொண்டிருந்தவர்கள் அடங்கிவிடுவார்கள். கதவு திறந்ததும், அந்தக் குரலுக்குரிய முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர்களும் உண்டு. அண்ணன் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

போன மாதம் நகரமன்றத்தில் கூட்டம் போட்டார்கள். போலீஸ் நிறம் பார்த்து நிறுத்துகிறதா என்று விசாரணை. அண்ணன் சாட்சி சொல்லப் போனார், துணைக்கு நான். இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார். "நாங்க முகத்தைப் பாக்கறதில்லைங்க, நடத்தையப் பாக்கறோம். இவரையே எடுத்துக்குங்க. கேக்கறதுக்கு முன்னாடியே பையக் கீழ வச்சுக் கையக் காட்டறாரு. தப்பு பண்ணாத ஆளு இப்படிப் பழகி வச்சிருப்பானா?"

சிலர் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் எழுந்து, "எங்க தெருவுல நாலு வீட்டுல திருட்டு போயிருக்கு. எல்லாரையும் நிறுத்தினா நாங்க வேலைக்குப் போகவேண்டாமா?" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்ப நாங்க போகவேண்டாமா தாயி?" என்றது.

பிறகு இன்ஸ்பெக்டர் ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் கம்பெனியிலிருந்து வாங்கி வந்த வேலைத்தாள்கள். தாமதமாகப் போனால் காரணம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். இருநூறு தாளுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் அண்ணனின் முத்து முத்தான எழுத்தில் ஒரே காரணம்: 'சாலையில் நெரிசல்.' "போலீஸ் நிறுத்துச்சுன்னு இதுல ஒரு எடத்துலயாவது இருக்கா?" என்றார்.

வெட்கம்தான். போலீஸ் என்ற சொல் தன் பெயருக்குப் பக்கத்தில் எந்தத் தாளிலும் இருக்கக்கூடாது என்று இத்தனை வருஷமும் அப்படி எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்தும் இருந்தது. அதை எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அடுத்த கூட்டத்துக்குள்ள எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டுவாங்க" என்றார் கூட்டத் தலைவர். மறுநாளே கம்பெனி மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு தாமதம், அதற்கும் நெரிசல்தான் காரணம் என்றால், அண்ணன் கிடங்குக்குப் போய் உதிரிச் சாமான் அடுக்கவேண்டியதுதான். கட்டடங்களும் இல்லை, குழியும் இல்லை, கதவுக்கு உள்ளேயிருந்து வரும் குரலும் இல்லை. அன்று அண்ணன் டீயை ஆறவிட்டு, குடிக்காமலே எழுந்துவிட்டார்.

போன வாரம் மத்தியானம் ஒரு அழைப்பு. பதினோராம் மாடியில் டீச்சர் ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி எங்களை நிறுத்தினார்கள். எங்களை என்ன, அண்ணனைத்தான். பையைக் கொட்டிக் கவிழ்த்து, ஒவ்வொரு திருப்புளியாகத் திருப்பிப் பார்த்தார்கள். கதவைத் திறந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. "எங்கய்யா சுத்திட்டு வர்றீங்க?" என்று டீச்சர் சீறினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. ரோட்டுல..." என்று ஆரம்பித்த அண்ணன் அதோடு நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் போனபிறகு வேலைத்தாளை எடுத்தார். காரணம் எழுதும் கட்டத்தின் மேல் பேனா அப்படியே நின்றது. திறந்திருந்த கதவு வழியாகக் குழியின் காற்று வந்து தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

"கை வரமாட்டேங்குதுடா. நீ எழுது."

"நான் மூணாங்கிளாஸ்ணே. கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"கிளறு. யார நிறுத்தினாங்க, யார நிறுத்தலன்னு ரெண்டையும் எழுது. எடம் பத்தலன்னா பின்பக்கம் திருப்பிக்கோ."

சொல்லிவிட்டு, தாளை வைத்து எழுத வாகாக எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.